கட்டைவிரலுக்கு ஐந்து

என் கையெழுத்து குண்டு குண்டாக, யாருக்கும் புரிகிற மாதிரி இருக்கும். அதனால்தான் உங்கள் மருத்துவமனையின் பிசியோதெரபிப் பெண் அந்த நோட்டை என்னிடம் ஒப்படைத்தாள். விசாரணை அதிகாரி நீங்கள், புரட்டிப் பார்த்திருப்பீர்கள்.

என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். முதுகெலும்புத் தட்டு பிதுங்கி, காலுக்கு இறங்கும் பெரிய நரம்பை அழுத்திவிட்டது. வாரம் மூன்று நாள் அவளிடம் போனோம். கெட்டிக்காரப் பெண், அதில் குறை சொல்ல மாட்டேன். அவரை "சார்" என்பாள், என்னை "ஆன்ட்டி" என்பாள். எனக்கும் அவருக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம்.

வீட்டில் வாயைத் திறக்காத மனிதர் அங்கே போனதும் அளக்க ஆரம்பித்துவிடுவார். "சார், காலைத்தான் நீட்டச் சொன்னேன், கதைய இல்ல" என்பாள். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன். அங்கே போகிற நாட்களில் மட்டும் முகம் மழித்துக்கொள்வார். சட்டைக்கு இஸ்திரி போட்டது நான்தான்.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். தினமும் காலையில் அவர் கால் கட்டைவிரலைத் தூக்க வேண்டும், நான் என் விரலால் அழுத்த வேண்டும். அசையாமல் நின்றால் ஐந்து. கொஞ்சம் தளர்ந்தால் நாலு. தூக்கியும் நிறுத்த முடியவில்லை என்றால் மூன்று. பிறகு பஞ்சால் பாதத்தைத் தடவி, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். இரண்டு வாரம் எல்லாம் ஐந்தாக இருந்தால் நேரில் வர வேண்டாம், போனே போதும் என்றாள்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னாள். "ஆன்ட்டி, வலி திடீர்னு போயிடுச்சுன்னா சந்தோஷப்படாதீங்க. நரம்பு செத்துக்கிட்டு இருக்கலாம். நாலுக்குக் கீழ போனா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணிக் காப்பாத்திடலாம். சார்கிட்ட சொல்லாதீங்க, பயந்துப்பார்."

நான் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன்.

முதலில் நாலை ஐந்தாக்கினேன், அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் அங்கே போவது நின்றது.

பிறகு ஒரு காலை அவர், "வலியே இல்லடி" என்று எழுந்தார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிப் பஞ்சால் தடவினேன். சற்று நேரம் கழித்து, "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். கட்டைவிரல் அன்று மூன்று. ஐந்து என்று எழுதினேன்.

செருப்பு நழுவுகிறது என்றார். பின்னால் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்தேன். பாதம் தரையில் தட்டுகிறது என்றார், வயதாகவில்லையா என்றேன். திங்கட்கிழமைதோறும் அவள் போன் செய்வாள், நான் நோட்டைப் படிப்பேன். "நீங்க இல்லன்னா சார் இப்படித் தேறியிருக்க மாட்டார், ஆன்ட்டி" என்றாள். அது உண்மை என்றுதான் எனக்கும் பட்டது.

பதினெட்டு நாள் அப்படிப் போனது. பத்தொன்பதாம் நாள், கற்றுக்கொள்ள வந்த பெண் காரைத் தாறுமாறாக விட, தன் பக்கத்து பிரேக்கை மிதிக்க இவருக்குக் கால் எழும்பவில்லை. கார் சுவரில் மோதி நின்றது. யாருக்கும் அடியில்லை. பாதம் இனி எழும்பாது என்று உங்கள் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். நேரில் பார்க்காமல் போனிலேயே வைத்தியம் பார்த்தாள் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தினீர்கள்.

நான் பேசாமல்தான் இருந்தேன். நேற்றுக் காலை அவர் சொன்னார்: "பாவம்டி அந்தப் பொண்ணு. அடுத்த வாரம் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற பட்டை வந்துடும். மாட்டிக்கிட்டு நானே போய் அவமேல தப்பில்லன்னு சொல்லிட்டு, அவளையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டு முகம் மழிக்கத் தண்ணீர் கேட்டார்.

அதனால் அவருக்கு முன்னால் நான் வந்துவிட்டேன். அந்த ஐந்துகள் எல்லாம் பொய். தெரிந்தே, என் கைப்பட எழுதினேன். அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். வேறு ஊரிலும் உங்களுக்குக் கிளை இருக்கிறதாமே, அங்கே போட்டால் அவளுக்கும் நல்லது.

அப்படியே அந்தப் பட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் பிடித்துக்கொண்டு நடக்க என் தோள் இருக்கிறது.