அழிக்கப்பட்ட முள்

கோச்சடையைத் தாண்டியதும், பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் தன் அக்காவிடம் கொதித்துக்கொண்டிருந்தாள். வெளியூரில் விமானம் ஓட்டி, அதை வானில் குட்டிக்கரணம் போடவைக்கப் பழகுகிறாளாம்.

“ஜி மீட்டர்னு ஒண்ணு இருக்குக்கா. கரணம் போடையில விமானத்து மேல எம்புட்டு பாரம் ஏறுச்சோ, அங்கனயே முள்ளு நிக்கும். எனக்கு முன்னாடி ஓட்டுன சீனியர் அளவுக்கு மேல பாரம் ஏறுற மாதிரி இழுத்துட்டு, இறங்குனதும் யாருக்கும் தெரியாம பட்டனை அமுக்கி முள்ளைக் கீழ இறக்கிட்டாரு.”

“மீட்டர்தானடி?”

“அடுத்து ஏறப்போறது நானு! புகார் எழுதிக் குடுத்தேன். விமானத்தைப் பிரிச்சுப் பார்த்தாக. ரெக்கையில விரிசல்.”

“அய்யோ! அவரை என்ன செஞ்சாக?”

“நேத்தும் பறந்தாரு. என்னையத்தான் ‘கொஞ்ச நாள் வீட்டுல இரு’ன்னு அனுப்பிட்டாக.”

“வீட்டுலயா? நாளைக்கே கெளம்பு. நானும் வாரேன், நேர்ல கேப்போம்.”

இப்போது அக்காவின் குரல்தான் பஸ் முழுக்கக் கேட்டது.