பட்டத்தைத் தள்ளிக் கொடுத்த தோள்கள்

இந்த ஆண்டிறுதி விருந்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் தீயணைப்புப் படைத் தலைவர் வொய்த்தோ ஹக்கரைனென் அவர்களே! பனி கொட்டும் பாதையில் வண்டியோட்டி வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! ஏலக்காய் மணக்கும் ரொட்டியும், ஊற்ற ஊற்றத் தீராத காப்பியும் தந்து இந்த ரசிகர் மன்றத்தை வாழவைக்கும் தாய்மார்களே! அவர்களுள் ஒருவராய் அமைதியாய் அமர்ந்திருக்கும் லெம்பி கெம்ப்பி அம்மையாரே! அவர் பெற்ற பிள்ளை, நம் காடு வளர்த்த காளை, ஆர்னி கெம்ப்பி அவர்களே! பள்ளிப் பேருந்து ஓட்டும் இந்த இர்மெலியின் மனம் நிறைந்த மாலை வணக்கம்.

என்ன, பின்வரிசையில் சிரிப்பு? பேருந்து ஓட்டுகிறவளுக்குப் பந்தயத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்றா? உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள்! நான் வளைவில் திரும்பும்போது புத்தகப்பைகள் எங்கே பறக்கின்றன என்று அவர்கள் சொல்வார்கள்!

இந்த ஆண்டு ராலி கார்ப் பந்தயங்களைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டார் தலைவர். சொல்கிறேன். பிரான்சு நாட்டு லூசியன் மார்ஷால் தார்ச்சாலையில் தங்கம். சரளைக்கல்லில் வந்தால் தடுமாற்றம். எஸ்தோனியாவின் காரெல் லெபிக்? அவரைக் கணக்குப்பிள்ளை என்று கேலி செய்தவள் நான். இன்றும் செய்வேன். ஆனால் வேல்சு மழையில் மற்றவர்களெல்லாம் சேற்றை உழுதபோது, அவர் ஒருவர்தான் வண்டி ஓட்டினார்! நம் ஆர்னி? மேட்டில் ஏறினால் மண்ணை மறப்பார், வானில் மிதப்பார், இறங்கும்போது நம் இதயத்தையும் சேர்த்து இறக்குவார்! முகம் சுளிக்காதீர்கள் ஆர்னி. கிரேக்கத்தில் அந்தப் பாறையை உங்களைத் தவிர எல்லாரும் பார்த்தார்கள்!

அந்தப் பாறையில் மோதி இழந்த புள்ளிகளால்தான் பட்டம் கடைசிப் பந்தயத்தின் கடைசிக் கட்டம்வரை வந்து நின்றது. அதுவும் எங்கே? நம் காட்டில்! லெபிக் மூன்றாவதாக வந்தாலே பட்டம் அவருக்கு. வராவிட்டால் ஆர்னிக்கு.

அன்று வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் கேளுங்கள். கொய்வுமாகி மேட்டில் நெருப்பு மூட்டி, தொத்திறைச்சி சுட்டுக்கொண்டு நின்றோம். ஆர்னி பறந்தார். எத்தனை உயரம்! கத்திக் கத்தி என் குரல் அங்கேயே போனது. அடுத்து வந்தார் லெபிக். கணக்குப்பிள்ளையின் கணக்கு அந்த வளைவில் பிசகியது. பின்சக்கரம் வழுக்க, வண்டி எங்கள் காலடிப் பள்ளத்தில் சரிந்து படுத்தது.

என் கணவர் தௌனோ குதித்தார். "படுத்துட்டான்டி! பட்டம் நமக்குத்தான்!"

லெபிக்கின் பக்கத்தில் இருந்து வழி சொல்பவர் வெளியே பாய்ந்து கையை ஆட்டிக் கத்தினார். எஸ்தோனிய மொழி எங்களுக்கு எதற்கு? தள்ளுங்கள் என்று கெஞ்சும் கை எந்த மொழியிலும் ஒன்றுதானே! ஆனால் ஒரு காலும் அசையவில்லை. எல்லார் கண்ணும் ஒருவரையே பார்த்தது. ஆர்னியைப் பெற்றவரை.

லெம்பி கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார். "என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க? ரெண்டு பசங்க பள்ளத்துல கிடக்குறது கண்ணுக்குத் தெரியலையா?"

"லெம்பிக்கா, யோசிச்சுப் பாருங்க. இவன் போய்ச் சேர்ந்தா நம்ம ஆர்னிக்குப் பட்டம் போச்சு."

"எம் புள்ளைக்கு என்ன போகும்னு எனக்குத் தெரியும் தௌனோ. நீ பின்னாடி போய்ப் பிடி. உன் வயிறு இன்னைக்காவது உதவட்டும்!"

இறங்கினோம்! சேற்றில் இறங்கினோம், தோள் கொடுத்தோம், மூச்சைப் பிடித்துத் தள்ளினோம்! சக்கரம் சுழன்று சேற்றை எங்கள் வாயில் வீசியது. வண்டி ஏறியது, உறுமியது, போயே போனது. இழுபறியில் மூன்றாம் இடம். பட்டம் எஸ்தோனியாவுக்கு!

அன்று மாலை வண்டிகள் பழுதுபார்க்கும் இடத்தில், டயர்மேல் தனியே உட்கார்ந்திருந்தார் ஆர்னி. யார் போய்ச் சொல்வது? லெம்பியே நேராகப் போனார். நாங்கள் பின்னால் ஒளிந்தோம்.

"ஆர்னி, அவனை நாங்கதான் தள்ளிவிட்டோம்."

ஆர்னி நிமிர்ந்தார். தாயின் முகத்தில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார்.

"பின்னாலேர்ந்தா தள்ளுனீங்க, பக்கத்துலேர்ந்தா?"

"பின்னாலேர்ந்துதான்."

"அப்ப சரிதாம்மா. பக்கத்துலேர்ந்து தள்ளியிருந்தா அந்தப் பள்ளத்துல இன்னும் புதைஞ்சிருக்கும்." பிறகு தாயின் முகத்துச் சேற்றைத் தன் சட்டைக்கையால் துடைத்துவிட்டார். "பசிக்குதும்மா. வீட்டுக்குப் போலாம்."

இவரா தோற்றவர்? சொல்லுங்கள், இவரா தோற்றவர்?

கைதட்டுகிறீர்கள், தட்டுங்கள்! இந்த ஆண்டின் சிறந்த ஓட்டுநர் யார் என்று என்னைக் கேட்டால், பட்டம் வென்றவரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதற்காக லெபிக்கைக் குறைத்தும் பேச மாட்டேன். அடுத்த ஆண்டும் அவர் வரட்டும்! வழுக்காமல் வரட்டும், வண்டி முழுசாய் வரட்டும், வாழ்நாளில் காணாத வேகத்தோடு வரட்டும்! அவரை நம் ஆர்னி மேட்டிலே வெல்லட்டும், வளைவிலே வெல்லட்டும், வெட்டவெளியிலே வெல்லட்டும்! பள்ளம் போடும் பிச்சை நமக்கு வேண்டாம். பாதையில் பறித்த பட்டம்தான் வேண்டும்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும், அன்று சேற்றில் நின்ற ஒவ்வொரு தோளுக்கும் என் நன்றி. காப்பி ஆறுவதற்குள் விடைபெறுகிறேன். எல்லாருக்கும் வணக்கம்!