பூஸ்டரின் பெருமூச்சறிந்த பெருந்தகைக்கு

மிதித்தவுடன் மெய்யுரைக்கும் பாதம் படைத்தவரே! இரும்பின் இருமலுக்கும் இரைப்புக்கும் மருந்து கண்ட எங்கள் ஹெட் மெக்கானிக் அண்ணனே! எஞ்சின் எண்ணெயில் தோய்ந்தும் எண்ணத்தில் கறைபடாத ஏந்தலே! இந்தப் பட்டறையிலிருந்து இன்று பணி ஓய்வு பெறும் தங்களுக்கு, தங்களால் திட்டப்பட்டும் திருத்தப்பட்டும் இன்னும் திருந்தாமல் மிஞ்சியிருக்கும் தோழர்கள் திரண்டு வழங்கும் மடல் இது. பெரிய எழுத்தில் ஒரு பிரதி தங்கள் கையில் இருக்கிறது. மேடையில் வாசிப்பவரின் வாயைப் பார்த்துத் தலையாட்டாமல், தயவுசெய்து அதைப் படியுங்கள்.

பிரேக் சரியில்லை என்று வண்டி வந்தால் பிறர் பானெட்டைத் திறப்பார்கள். தாங்களோ வாயைத் திறப்பீர்கள். "மிதி கல்லா, பஞ்சா?" என்பதே தங்கள் முதற்கேள்வி. பஞ்சென்றால் பிரேக் ஆயிலில் காற்று. கல்லென்றால், மிதிக்கும் காலுக்குத் துணைநிற்கும் பூஸ்டர் மேல் சந்தேகம். அந்தக் கேள்வி வண்டியோடு நின்றதா? முதலாளி அறையிலிருந்து வெளியே வருபவரிடமும் அதையே கேட்டீர்கள். பெண் கேட்கப் போய்த் திரும்பிய நம் பட்டறைப் பெயின்டரிடமும் அதையே கேட்டீர்கள். "கல்லுண்ணே" என்று அவர் கண்கலங்கியபோது, "விடுடா, எங்கயாவது ஹோஸ் கழண்டிருக்கும். மறுபடி போய்ப் பேசு" என்று தேற்றி, கூடவே போய்க் கல்யாணத்தையும் முடித்துவைத்தீர்கள்.

எஞ்சினை அணைத்து, மிதி கல்லாகும்வரை மிதித்து, மிதித்த காலை எடுக்காமலே எஞ்சினை முடுக்கி, மிதி சற்றே உள்வாங்குகிறதா என்று தாங்கள் கண்மூடிக் காத்திருக்கும் கணத்தில் பட்டறையே மூச்சடக்கும். உள்வாங்கினால் நலம், வாங்காவிட்டால் நோய். நோய் உண்டு என்று சொல்வது கால். நோய் எங்கே என்று சொல்வது காது. மிதிக்கு மேலே 'உஸ்' என்றால் பூஸ்டருக்குள் கிழிசல். எஞ்சின் பக்கம் 'உஸ்' என்றால் பூஸ்டருக்குப் போகும் ஹோஸில் கிழிசல்.

அந்தக் காதுதான், அண்ணே, சில ஆண்டுகளாகச் சொல்லாமல் கொள்ளாமல் லீவு எடுத்துக்கொண்டது. நாங்கள் அதைப் பேசினோமில்லை, தாங்களும் ஒப்பினீரில்லை. "காதுக்கு என்ன? ஊர்ல சத்தம் கூடிப்போச்சு" என்றீர்கள். சத்தம் கூடினால் நன்றாகத்தானே கேட்க வேண்டும் என்று கேட்க எங்களில் எவருக்கும் துணிவில்லை. கேட்டிருந்தாலும் தங்களுக்குக் கேட்டிருக்காது. ஆகவே, மிதிக்கு மேலே உஸ்ஸென்றால் எலக்ட்ரீஷியன் கதவோரம் நின்று சட்டைக் காலரைத் தொடுவது என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. எவரும் சொல்லாமலே அதன் பொருளைப் பிடித்துக்கொண்ட தாங்கள், அவரைத் தற்செயலாகப் பார்ப்பதுபோல் பார்த்து, "பூஸ்டர் போச்சு" என்று தீர்ப்பளிப்பீர்கள்.

பல் டாக்டரின் கார் வந்த அன்றுதான் குடி கெட்டது. எலக்ட்ரீஷியனின் சட்டைக்குள் ஒரு கட்டெறும்பு புகுந்தது. அவர் காலரைத் தொட்டார். தொட்டதோடு நில்லாமல் பிய்த்தார், குதித்தார். இவ்வளவு பெரிய கிழிசலா என்று தாங்களே திகைத்துப்போனீர்கள். நல்ல பூஸ்டரைக் கழற்றிப் புதிதைப் பூட்டினோம். மிதி அதே கல். பிறகு ஹோஸை விரலால் தடவி, அடிப்பக்கத்துக் கிழிசலைத் தாங்களே கண்டுபிடித்து, ஹோஸை மாற்றி, பழைய பூஸ்டரையே மாட்டி, மிதி உள்வாங்கிய பிறகே சாவியைக் கொடுத்தீர்கள். தங்கள் கால் ஒப்பாத வண்டி எதுவும் நம் வாசலைத் தாண்டியதில்லை. எங்களை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. மறுநாள் காலையில் வந்து பார்த்தால், எலக்ட்ரீஷியன் நிற்கும் இடத்தைச் சுற்றி வட்டமாக எறும்புப் பொடி தூவியிருந்தது.

அன்று விழுந்து விழுந்து சிரித்தோம். இன்று அந்தச் சிரிப்பு வரவில்லை. நாளை முதல் தங்கள் எதிரில் நின்று காலரைத் தொட ஆள் இல்லையே! தெருவைக் கடக்கையில் பின்னால் வரும் வண்டியை யார் சொல்வார்? எங்களுக்குப் பயமாக இருக்கிறது, அண்ணே. அண்ணியார் வேறு எங்களிடம் வருந்தினார்: "நான் கத்திக் கத்திப் பேசறதைக் கேட்டுப் பக்கத்து வீட்ல தினம் சண்டைன்னே நெனைச்சுட்டாங்கப்பா. மெதுவா ஒரு வார்த்தை பேசி எத்தனை நாளாச்சு!"

ஆதலின், அண்ணலே! முன்னால் இருக்கும் பெட்டியில் கைக்கடிகாரம் என்று எண்ணாதீர். அது காதில் மாட்டும் கருவி. "எனக்கெதுக்கு இது?" என்று தள்ளவும் வேண்டாம். மனிதக் காலுக்கு வலு போதாது என்றுதானே காருக்குப் பூஸ்டர் வைத்தார்கள்? அதற்காக எந்தக் காலும் இதுவரை வெட்கப்பட்டதில்லை.

ஹோஸ் கிழியாமல், மூச்சு இரையாமல், மிதி கல்லாகாமலும் பஞ்சாகாமலும், நூறைத் தாண்டியும் நிதானமாக ஓடுக நும் வண்டி!

அன்பில் அடங்காத,
பட்டறைத் தோழர்கள்

வாசிப்பவர் இங்கே நிறுத்திக்கொள்கிறார். கருவியைக் காதில் மாட்டிக்கொள்ளுங்கள், அண்ணே. கடைசி வரியை அண்ணியார் தங்கள் அருகில் அமர்ந்து, மைக் இல்லாமல், மெதுவாகச் சொல்வார்:

"என்னங்க... கேக்குதா?"