பிடி இருக்கா?

மழை பிடித்தால் என் வலது தோள்பட்டை கடுக்க ஆரம்பித்துவிடும். நேற்றிலிருந்து விடாமல் பெய்கிறது. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துதான் பேச முடியும், மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சார். ஆள் பாரம் தாங்கிய தோள். டாக்டர் கொடுத்த மாத்திரை வயிற்றைக் கெடுத்ததுதான் மிச்சம்.

சினிமா செட் ஆசாரி சொல்லித்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள் என்று தெரியும். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கட்டில் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

சினிமாவில் ஒருவன் தாவினால், பறந்தால், அவன் இடுப்பில் ஒரு வார் இருக்கும். வாரிலிருந்து ஒரு கறுப்புக் கயிறு கூரைக்குப் போய், உருளையில் ஏறி, இந்தப் பக்கம் இறங்கும். அந்த முனை என்னிடம். இடுப்பைச் சுற்றி ஒரு சுற்று, மிச்சம் கையில். கயிற்றின் கடைசி நுனியை, வால் என்போம், தரையில் பதித்த இரும்பு வளையத்தில் கட்டிவிட வேண்டும். கை வழுக்கினாலும் வளையம் காப்பாற்றும். மற்றவர்கள் கையுறை போடுவார்கள். நான் போடுவதில்லை. வெறுங்கையில் பிடித்தால்தான் மேலே இருப்பவன் மூச்சு வாங்குவது கயிற்றில் தெரியும்.

தாவுகிறவன் மேலே இருந்து "பிடி இருக்கா?" என்று கேட்பான். பிடிக்கிறவன் "இருக்கு" என்பான். அவ்வளவுதான், தாவிவிடுவான். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பிடிக்கிறவனை நம்பவில்லை என்று ஆகிவிடும். அப்படிப் பார்த்தவனுக்கு எங்களில் யாரும் மறுபடி கயிறு பிடிக்க மாட்டார்கள்.

நான் பிடித்தது என் தம்பிக்கு.

அப்பாவும் அம்மாவும் கல் உடைத்தவர்கள். நெஞ்சில் தூசி அடைத்து ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். தம்பி அப்போது நடை பழகிக்கொண்டிருந்தான். நான் சிமெண்டு மூட்டை தூக்கப் போனேன். அவனையும் கொண்டுபோய்க் கிடங்கு நிழலில் உட்காரவைத்து, லாரிப் பக்கம் போகாமலிருக்க இடுப்பில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையைத் தூணில் கட்டுவேன். அழவே மாட்டான். கயிறு நீள்கிற மட்டும் தத்தித் தத்திப் போவான். இழுத்ததும் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நேரம் இல்லை என்று சொல்வேன். நிஜத்தில் தேவைப்படவில்லை.

இந்தப் படம் பழைய கதை சார். பள்ளிக்கூடம் போனவர்கள் எல்லோருக்கும் தெரிந்த புத்தகமாம். கூட வந்தவர்கள் காட்டில் விட்டுவிட்டுப் போய்விட, ஒருவன் தனியாகப் புலியையும் ஆற்றையும் தாண்டி வீடு வந்து சேருகிறான். பெரிய கொட்டகைக்குள் காடு போட்டார்கள். சிமெண்டு மரம், துணி இலை, நாரில் திரித்த விழுது, தாவுவதற்கு மரத்தில் கீழொன்றும் மேலொன்றுமாக இரண்டு பரண். ஆறு என்பது ஒரு பள்ளம். பாதிக்கு மெத்தை போட்டு நீலத் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். மறுபாதி வெறும் சிமெண்டு, கேமரா வண்டி ஓடுவதற்காக.

ஹீரோவுக்குப் பதில் தாவியவன் தம்பி. யூனிட்டில் அவனுக்கு வவ்வால் என்று பெயர். டீ நேரத்தில் வாய் ஓயாது.

"காட்டைத் தாண்டுறது நானு. கடைசியில பொண்டாட்டியக் கட்டிப்பிடிக்கிறது அவரு. என்னண்ணே நியாயம் இது?"

"உனக்குத்தான் வீட்ல ஒருத்தி இருக்காளேடா" என்றான் என்னோடு கயிறு பிடிக்கிற மொட்டை.

"அவ கட்டிப்பிடிக்கணும்னா நானும் ஒரு தடவை காட்டுல தொலையணும்போல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னான்:

"இந்தப் படத்தோட சரிண்ணே. அவளுக்கு வேற ஊர்ல தையல் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. நானும் அங்கேயே ஏதாவது பார்த்துக்கறேன். தரையில நின்னு செய்யற வேலையா."

"அப்ப நான்?"

"நீயும் வான்னா வரவா போறே? லீவு விட்டா ஓடி வந்துர மாட்டோமா?"

"நல்லதுடா" என்றேன்.

அன்றைக்கே வீட்டு முன்னறையைக் காலி செய்ய ஆரம்பித்தேன். படி ஏறத் தேவையில்லாத அறை அது ஒன்றுதான். ஆசாரியிடம் தாழ்வாக ஒரு கட்டில் கேட்டேன். காட்டுக்குப் பரண் கட்டி மிஞ்சிய பலகையில் செய்தார். தலைமாட்டில் ரேடியோ வைக்க ஒரு தட்டும் போடச் சொன்னேன். யாருக்கு என்று கேட்டார். "வீட்ல ஒருத்தருக்குக் கால் சரியில்லை" என்றேன். வீட்டில் அப்போது எல்லோருக்கும் கால் நன்றாகத்தான் இருந்தது. ஆசாரி இத்தனை நாள் கழித்து அதை யோசித்திருக்கிறார்.

என்னைக் கெட்டவன் என்று நினைக்காதீர்கள் சார். ஒரு கால்தான் நான் நினைத்தது. கீழ்ப் பரணிலிருந்து தாவினால் சிமெண்டுப் பாதியை இரண்டு ஆள் உயரத்தில் கடப்பான். அந்த இடத்தில் விட்டால் கால் முறியும். அப்புறம் தையல் கம்பெனியும் இல்லை, வேற ஊரும் இல்லை. நான் குளிப்பாட்டுவேன், சோறு ஊட்டுவேன். முன்பு செய்ததுதானே. அவளுக்கும் ஒரு குறையும் வைத்திருக்க மாட்டேன்.

கடைசி நாள் ஷூட்டிங்கில், முதல் டேக்கில் எனக்கு மனசு வரவில்லை. அழகாகத் தாவி மெத்தையில் போய் விழுந்தான். அடுத்ததில் என்று வைத்துக்கொண்டேன். அதற்குள் இயக்குநர் கூப்பிட்டார். "வவ்வாலு, மேல் பரண்லேர்ந்து ஒண்ணு போலாமா? லைட் அங்கதான் நல்லா விழுது."

"கடைசித் தாவல் சார். உசரத்துலேர்ந்தே போயிடறேன்" என்று ஏறினான்.

மொட்டையை விழுது சரிபார்க்க அனுப்பினேன். வாலை வளையத்தில் கட்டவில்லை. இடுப்புச் சுற்றையும் எடுத்துவிட்டேன். கயிறு என் இரண்டு கையில் மட்டும் இருந்தது. அவன் மூச்சு நிதானமாக வந்துகொண்டிருந்தது.

"பிடி இருக்காண்ணே?"

"இருக்குடா."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கை வழுக்கிவிட்டது, அவசரத்தில் வாலைக் கட்ட மறந்திருப்பான் என்று மற்றவர்களே சொன்னார்கள். நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இயக்குநர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார், வலிக்கிற இந்தத் தோளைத்தான். தம்பி மனைவி என் இரண்டு கையையும் எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அழுது முடித்துக் கையை விரித்துப் பார்த்தாள்.

"உங்க கைக்கு ஒண்ணும் ஆகலையே மாமா" என்றாள்.

அக்கறையில் கேட்டாளா, பார்த்துவிட்டுக் கேட்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு ஆள் பாரத்தோடு ஓடுகிற கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போகும். என் கையில் ஒரு கீறல் இல்லை. விரித்த கையைக் கயிறு உரசாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் தனியாக அந்த ஊருக்குப் போய்விட்டாள்.

படம் நன்றாக ஓடியது. அந்தத் தாவலைப் படத்திலிருந்து நீக்காமல் வைத்திருந்தார்கள். முதுகு மட்டும் தெரியும். பரணை விட்டுக் கிளம்பி, கையை விரித்து, ஆற்றின் நடுவே வருகிறான். அந்த இடத்தில் வெட்டி, ஹீரோ அக்கரையில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பதைக் காட்டுவார்கள். தியேட்டரே விசில் அடிக்கும். பல தடவை போனேன். வெட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கண்ணை மூடிக்கொள்வேன். மூடினால் அவன் அங்கேயே நிற்கிறான். அதற்குப் பிறகு என்ன ஓடினாலும் எனக்குத் தேவையில்லை, எழுந்து வந்துவிடுவேன்.

கட்டிலில் இப்போது நான்தான் படுக்கிறேன். அவன் அளவுக்குச் செய்தது, எனக்கு நீளம் போதவில்லை. கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு கால்தான் என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அடித்துவிடுங்கள் சார். உயரம் பார்த்துப் பழகிய கண் இது. அவன் மேல் பரணில் கால் வைத்ததுமே கட்டில் வேண்டியிருக்காது என்று தெரிந்துவிட்டது. வளையம் என் காலடியில்தான் இருந்தது. குனிந்து கட்டியிருக்கலாம். கட்டினால் சாயங்காலம் பெட்டி கட்டுவானே என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் பதில் சொன்னேன். அப்புறம் கையை விரித்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். அதோடு உங்கள் கணக்கு முடிந்துவிடும். அவன் கணக்கு முடியாது. மேலே நின்று என்னை நம்பி அவன் கேட்டதற்கு நான் "இல்லடா" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு சொல் அவனுக்கு நான் இன்னும் பாக்கி.