பஸ்ஸில் தொடங்கிய தேவாரம்

பார்க் அவெனியூ பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும், நடுவில் ஆறு வயது மகள்.

“யூதரின்ர ஷெமா செபத்தைக் கண்ணைப் பொத்திக்கொண்டு முழுக்கச் சொல்லுறாள். தேவாரத்தில ஒரு வரி தெரியாது. நீ பிள்ளை பாக்கிற அவையின்ர வீட்டுக்கு இனி இவளைக் கூட்டிக்கொண்டு போகாதை!”

“அங்க தகப்பன் வேலையால வந்து சப்பாத்தும் கழட்டாமல் தன்ர பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்கிறார். இவள் பக்கத்தில நிண்டு பாடமாக்கினவள். நீங்கள் எப்ப சொல்லிக்குடுத்தனீங்கள்?”

“எனக்கெங்க நேரம்?”

“போன் பாக்க மட்டும் இருக்கு. இப்ப சொல்லிக்குடுங்கோவன். இறங்க இன்னும் ஆறு ஸ்டொப் கிடக்கு.”

அவர் கோபத்தோடு ஒரு தேவாரத்தைத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல மகளும் திருப்பிச் சொன்னாள். இரண்டாவது வரியில் அவருக்கு மறந்துவிட்டது. மனைவி பக்கம் திரும்பினார்.

“என்ன பாத்துக்கொண்டிருக்கிறாய்? மிச்சத்தை நீ சொல்லன்!”

“நாளும் பொழுதும் கேட்டு எனக்கும் அவையின்ர செபந்தான் வாயில வருது!” என்று சீறினாள் மனைவி.