சாட்சிக் கையெழுத்து

அக்ஷய், அந்த ஃபோனைக் கவுத்து வை. வெளிச்சம் மூஞ்சியில அடிச்சா எனக்குக் கதை வராது.

டிசம்பர் மாசம்... சாயங்காலம் அஞ்சரை. நம்ம ஊர்லதான் அதுக்குள்ள கும்மிருட்டாயிடுமே. கிடர்பூர்ல, கப்பல் நிக்கற டாக்குக்குப் பின்னாடி குடோன் ரோடு. ஒரு லாரி இல்ல, ஒரு கைவண்டி இல்ல. டாக்சிக்காரன் முனையிலேயே இறக்கிவிட்டுட்டுப் போயிட்டான். தனியா நடந்து போனது ஹம்சினி, என் நாத்தனாரோட மக. பெரிய கார்ப்பரேட் வக்கீல் ஆபீஸ்ல ட்ரெய்னி. ஜனவரியில வேலை நிரந்தரமா, இல்ல மூட்டையைக் கட்டணுமான்னு சொல்லுவாங்க. பாவம், அதுக்காகத் தூக்கத்தைத் தொலைச்சு உழைச்சிருந்தா.

அன்னிக்கு ஒரு குடோன் கம்பெனி கைமாறுது. முதலாளி பத்மநாபன் கையெழுத்துப் போடணும். இவ பக்கத்துல நின்னு பாத்துட்டு, சாட்சியா கீழ போடணும். அவ்வளவுதான் வேலை. கண்ணால பாக்காம சாட்சி போடக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லித் தந்துடுவாங்களாம்.

மாடியில கதவைத் திறந்தது மகன் ராஜ்மோகன். "அப்பாவுக்கு முடியல. யாரையும் பாக்க விடாதீங்கன்னு டாக்டர் சொல்லிருக்கார். குடுங்க, நானே வாங்கிட்டு வரேன்."

இவ சீனியர் சுபிக்ஷாவுக்கு ஃபோன் போட்டா. "கையெழுத்து இல்லாம திரும்பி வராத." கட்.

வேற வழி? காகிதத்தைக் குடுத்துட்டு வெளிய பெஞ்சுல உக்காந்தா. ஊதுவத்தி வாசனை... அதுக்கு அடியில மீன் மார்க்கெட் மரத்தூள் வாசனை. கதவுக்கடியில தண்ணி கசிஞ்சு வந்து செருப்பை நனைச்சுது. ஜில்லுனு. ராஜ்மோகன் காகிதத்தை உள்ள வெச்சுட்டு, அவளுக்கு டீ கொண்டு வந்தான். அவன் டீயை நீட்டற நேரம்... உள்ள, க்க்ஹ்ம்... கிழவர் தொண்டையைக் கனைச்சார். அப்புறம் பேனா. சர்ர்... சர்ர்... நிதானமா. ராஜ்மோகன் கையில டீ அத்தனையும் சிந்திப் போச்சு.

அவன் மெதுவா உள்ள போனான். காகிதத்தோட வந்தான். மை இன்னும் காயல. கனைச்சதைக் கேட்டாச்சு, பேனா சத்தம் கேட்டாச்சு, பாத்த மாதிரிதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டு இவளும் கீழ போட்டுட்டா. நினைச்சா எனக்கு இப்பவும் ஆத்திரமா வருது.

ரெண்டு வாரத்துல துர்காபூர்லேர்ந்து பெரியவரோட பொண்ணு வந்து நின்னா. அப்பா கையெழுத்துப் போட்டதா சொல்ற அன்னிக்குக் காலையிலேயே போயிட்டார்... வெளிய தெரியாம, பாளம் பாளமா ஐஸ் வாங்கி, மரத்தூள் போட்டு உடம்பைச் சுத்தி அடுக்கி வெச்சிருந்தாங்க... செத்தவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்னு கேஸ்.

ஆபீஸ்ல பெரிய ரூமுக்குக் கூப்பிட்டாங்க. கேட்டது ஒரே கேள்வி. "அவர் போட்டதை நீ பாத்தியா?"

பாக்கலைன்னா வேலை போச்சு, வக்கீல் தொழில் பண்ற உரிமை, அந்தச் சன்னது போச்சு, அவ அப்பா லேக் மார்க்கெட்ல நம்மாளுங்ககிட்ட எல்லாம் சொல்லிவெச்ச பெருமை போச்சு. அந்த துர்காபூர்ப் பொண்ணுக்கு அவ அப்பா சொத்து கிடைக்கணும்னா இவ உண்மையைச் சொல்லியாகணும்.

"பாத்தேன்"னுட்டா.

அன்னிலேர்ந்து பாக்கறா.

தினம் விளக்கு வெக்கற நேரம். ஆபீஸ்ல அவளுக்கு எதிர் நாற்காலியில அந்தப் பெரியவர். வேட்டி, சட்டை எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். நிமிந்தே பாக்கறதில்ல. குனிஞ்சு எழுதிக்கிட்டே இருக்கார்... சர்ர்... சர்ர்... பயந்து வேலையை விட்டுட்டு வீட்டோட இருந்தா. சாப்பாட்டு மேசைக்கு வந்துட்டார்.

நேத்து எனக்கு ஃபோன் பண்ணி அழறா. "மாமி, இன்னிக்கு தைரியமா கிட்டப் போய் எட்டிப் பாத்தேன். அவர் போடறது அவர் கையெழுத்து இல்ல மாமி... என்னோடது."

அச்சு அசலா அவ போடற மாதிரியே இருக்காம்... கடைசிச் சுழி மட்டும்தான் இன்னும் சரியா வரலையாம்.