அடைக்கு எடுத்து வைத்த முட்டைகள்

அடைக்கு வைக்கும் முட்டையைக் கழுவக் கூடாது. அழுக்கிருந்தால் உலர்ந்த துணியால் லேசாகத் துடைத்தால் போதும். கூர் நுனி கீழே இருக்கும்படி குளிர்ச்சியான மூலையில் வைத்து, கோழி அடைக்கு உட்காரும் வரை காலையும் மாலையும் சாய்வை மாற்ற வேண்டும். நான் நின்றுகொண்டே சொல்கிறேன் ஐயா, இப்போதெல்லாம் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

அம்மா போன பிறகு அந்த வேலை என்னுடையது. அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். தம்பி நார்சிசோ, நூபியாவைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தான். வந்த வாரமே அவள் முட்டைச் சட்டியைத் தன் கட்டிலுக்கடியில் கொண்டுபோய் வைத்தாள். "நீங்க செத்த ஓய்வா இருங்க மதினி, இனிமே நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் சோளம் அரைக்கப் போனதும் முட்டைகளைச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்து, துடைத்து, இருந்தபடியே அடுக்கினேன். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அத்தனையும் கூமுட்டையாகப் போயின.

எங்கள் பக்கத்தில் இடிச் சத்தத்துக்கு முட்டைக்குள் உயிர் போய்விடும் என்பார்கள். அதற்குக் காப்பாகத் தம்பி கூட்டுக்கடியில் இரும்பு ஆணி வைத்தான். அடுத்த முறையும் நான் அதையே செய்தேன், ஒன்றும் பொரிக்கவில்லை. "இடியில்லடா, இது வச்ச கையோட ராசி" என்று ஒரே ஒரு முறை சொன்னேன். மீதியை ஊர் சொல்லிக்கொண்டது. சோள ரொட்டி, அந்தத் தோர்த்தியா தட்டக்கூட அவளை யாரும் விடவில்லை.

அப்போது அவள் மாசமாக இருந்தாள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, என் வயித்துல இருக்கதும் இப்படித்தான் ஆயிருமா?"

"எனக்கு எப்படித் தெரியும் புள்ள? முட்டைன்னா ஒடச்சுப் பாக்கலாம்."

அதன்பின் அவளுக்குத் தூக்கமில்லை. குவாயாப்பே ஆற்றுக்கு அக்கரையில், தன் அம்மா வீட்டில் பெற்றால் பிள்ளை பிழைக்கும் என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். மழைக்காலம். தம்பி மாடு விற்கப் போயிருந்தான். நான்தான் அவளுடைய மூட்டையைத் தூக்கிக்கொண்டு கரைவரை போனேன்.

"முழங்கால் தண்ணிதான், தைரியமா எறங்கு" என்றேன். அன்று காலை அதே துறையில் ஒரு காளையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்திருந்தேன். மூட்டையை நான் கொடுக்கவில்லை. உள்ளே குழந்தைத் துணி, நனைந்துவிடுமே. நடு ஆறு வரைதான் அவள் தலை தெரிந்தது.

தம்பி என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும். இந்த முறை முட்டைகளை நான்தான் எடுத்து வைத்தேன், ஒன்றுகூட வீணாகாமல் பொரித்தது. அவள் கைக்கு ராசியில்லை என்று நான் சொன்னது சரிதானே, ஐயா?